மலைச்சாலையை அகலப்படுத்தும்போது கல் விழாமல் காக்க எதை நம்புவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

“வலை போடட்டுமா, கீழே தடுப்பு வைக்கட்டுமா? இரண்டுக்கும் சேர்த்து எஸ்டிமேட்டில் இடமில்லை.”

மலைச்சாலை வேலை எடுத்த ஒப்பந்ததாரர்கள், புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர்கள், ஏலத்தோட்டத்துக்குள் சொந்தச் செலவில் பாதை வெட்டுகிறவர்கள் எனப் பலரும் ஏறக்குறைய இதே சொற்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

வேலை முடிந்த சரிவை எப்படிக் காப்பது என்பதற்கு வழிகாட்டிகள் இருக்கின்றன. இந்திய சாலைப் பேராயம் 2014-ல் பாறைவீழ்ச்சித் தடுப்புக்கென்றே சிறப்பறிக்கை 23-ஐ வெளியிட்டது. முறுக்குக் கம்பி வலைக்கு ஐஎஸ் 16014 என்ற தரநிலை இருக்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் வெட்டி முடித்த, உருவம் மாறாத சரிவை மனதில் வைத்தவை. வேலை நடக்கும் மாதங்களில் நம் கையில் இருப்பது அந்தச் சரிவு அல்ல. நேற்று இருந்த பாறைமுகம் இன்று இல்லை. பொக்லைன் ஒரு வாளி அள்ளினால் மேலே தாங்கி நின்ற கல்லுக்குத் தாங்கல் போய்விடும். கீழே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். நம் ஆட்களும் அங்கேதான் நிற்பார்கள்.

கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் மூணாறு–போடிமெட்டுப் பகுதியை அகலப்படுத்தியபோது, 2019 அக்டோபரில் கேப் ரோட்டில் மலை சரிந்து வேலையாள் உயிரிழந்தார். 2022 மே 19 இரவு ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில், ராம்பன் மாவட்டத்தில், கட்டுமானத்தில் இருந்த சுரங்கப்பாதை முகப்பில் மலை இடிந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் ‘முடிந்த பிறகு வலை போட்டுக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

விலையைக் கேட்பதற்கு முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

யாரைக் காக்கிறது? சாலையில் போகும் வண்டியையா, அடிவாரத்தில் துளை போடும் ஆளையா, மேலே கயிற்றில் தொங்குபவரையா? ஒரே ஏற்பாடு மூவரையும் காப்பது அரிது. பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

எவ்வளவு பெரிய கல் வரை தாங்கும்? கீழே ஒரு கணக்கு தருகிறேன்.

எந்த நாளிலிருந்து பலன் தரும்? மார்ச்சில் வெட்டத் தொடங்கி, வலை மே மாதம் வந்து சேர்ந்தால், அது வெட்டும் வேலையைக் காத்ததாக ஆகாது.

வேலைக்கு இடைஞ்சலா? பொக்லைன் கை வீசும் இடத்தில் நிற்கும் தடுப்பை முதல் வாரத்திலேயே யாராவது ‘கொஞ்ச நேரத்துக்கு’ நகர்த்துவார்கள். அது பிறகு பழைய இடத்துக்கு வருவதில்லை.

எஸ்டிமேட்டில் எழுதாத செலவு எது? ஒவ்வொன்றிலும் ஒன்று ஒளிந்திருக்கிறது.

## கல்லின் கணக்கு

15 செ.மீ. பக்கமுள்ள கல், ஒரு கையால் தூக்கிவிடலாம், ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். அது 20 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 71 கி.மீ. வேகம், 2 கிலோஜூல் ஆற்றல். ஐரோப்பியத் தரச் சோதனையில் ஹெல்மெட்டின் மீது 5 கிலோ எடையை ஒரு மீட்டரிலிருந்து போடுகிறார்கள். அந்த அடி 49 ஜூல்தான். இந்தச் சின்னக் கல் அதைப்போல் நாற்பது மடங்கு அடிக்கும். ஹெல்மெட் கட்டாயம் போட வேண்டும். ஆனால் அது சல்லிக் கல்லுக்கு மட்டுமே பாதுகாப்பு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைக்கு அரை டன் என்றால் பக்கம் 57 செ.மீ. அதே 20 மீட்டரிலிருந்து விழுந்தால் ஏறக்குறைய 98 கிலோஜூல். சோதித்துச் சான்றளிக்கப்பட்ட, கல்லைப் பிடித்து நிறுத்தும் நெகிழ்வலைத் தடுப்புகளின் ஐரோப்பிய வகைப்பாடு 100 கிலோஜூலில்தான் தொடங்குகிறது. 4,500-க்கு மேலும் போகிறது. மணல் மூட்டை வரிசையும் தார் டிரம் வரிசையும் இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கல் எப்படி வரும் என்பதைச் சரிவின் சாய்வு தீர்மானிக்கிறது. 1963-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரிச்சி என்ற நிலவியலாளர் கற்களை உருட்டிவிட்டுப் பார்த்துச் சொன்னது இன்றும் பொருந்துகிறது. ஏறத்தாழ 76 பாகைக்கு மேல் செங்குத்தாக இருந்தால் கல் நேராக விழும். 45 முதல் 76 வரை துள்ளித் துள்ளி வரும். அதற்கும் படுத்த சரிவில் உருளும். நாம் அகலப்படுத்தும்போது வெட்டும் முகங்களில் பல அந்த நடுவகைதான். துள்ளும் கல்தான் அடிவாரத்தில் விழாமல் சாலை நடுவுக்கு வருவது.

## வழி 1: தட்டி இறக்குவது

மேலே ஆடிக்கொண்டிருக்கும் கல்லை, நாம் சொன்ன நேரத்தில், கீழே ஆளில்லாதபோது நாமே கீழே தள்ளிவிடுவது. கடப்பாறை, கயிறு, எட்டும் உயரத்தில் பொக்லைன் வாளி. பார்க்கப் பழங்கால வேலை போலிருக்கும். என் கணிப்பில் நான்கிலும் இதுதான் முதலில் வர வேண்டியது.

போடி பக்கத்திலிருந்து வந்த ஒரு மேஸ்திரியிடம்தான் நான் இதைக் கற்றேன். அறுபதை நெருங்கிய மனிதர். கடப்பாறையின் மழுங்கிய முனையால் பாறையை மெல்லத் தட்டிக்கொண்டே இறங்குவார். கணீரென்று கேட்டால் நகர்வார். ‘பொத்’ என்று அமுங்கிக் கேட்டால் நிற்பார். உள்ளங்கையைப் பாறையில் வைத்து மறுகையால் இன்னொரு முறை தட்டுவார். ஒருநாள், “அண்ணே, அது நல்லாத்தானே இருக்கு?” என்றேன். “கையை வச்சுப் பாருங்க சார், அதிருது. பின்னாடி விட்டுப்போச்சு” என்றார். நானும் வைத்துப் பார்த்தேன், உண்மைதான். கடப்பாறையை விளிம்பில் கொடுத்து நெம்பியதும் கதவளவு பாளம் ஒன்று கழன்று போனது. பின்னால் ஈரமான சிவப்பு மண்ணும் விரல் தடிமனில் யூகலிப்டஸ் வேரும் இருந்தன. கீழிருந்து பைனாகுலரில் பார்த்து அந்தப் பாளத்தை நான் ‘நல்ல பாறை’ என்று குறித்து வைத்திருந்தேன்.

ஒழுங்கு மிக முக்கியம். மேலிருந்து கீழாக மட்டுமே இறங்க வேண்டும். ஒருவர் வேலை செய்யும் நேர்கோட்டில், கீழே இன்னொருவர் இருக்கவே கூடாது. ஆளுக்கு இரண்டு கயிறு, இரண்டும் தனித்தனி நங்கூரத்தில். ஒரே மரத்தில் இரண்டையும் கட்டினால் அது ஒரு கயிறுதான். ஒரு முறை தட்டி முடித்தால் தீர்ந்தது என்றும் இல்லை. மழை பெய்த மறுநாள், வெடி வைத்த பிறகு, பாறை உடைக்கும் பிரேக்கர் ஓடிய பிறகு, தினமும் காலையில் வேலை தொடங்கும் முன், திரும்பவும் பார்க்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சில கற்கள் மேலே இருக்கும் நான்கைந்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் சாவிக்கற்கள். அதை எடுத்தால் முகமே இறங்கும். நம் மலைகளில் இன்னொரு வகையும் உண்டு. சிதைந்த செம்மண்ணுக்குள் பாதி புதைந்து நிற்கும் உருண்டைப் பாறை. வெளியே தெரிவது மூன்றில் ஒன்றுதான் என்றால்கூட நம்ப முடியாது. இதை நெம்பக் கூடாது. சத்தமில்லாமல் பிளக்கும் ரசாயனப் பொடியைத் துளையில் ஊற்றி, ஒருநாள் போல் காத்திருந்து துண்டாக்கலாம். முடியாதென்றால் இரும்புக் கம்பியால் பின்பாறையோடு தைத்துவிட்டு மேலே போகலாம்.

ஒளிந்திருக்கும் செலவு: கழிவு. 80 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம் என்றால் 1,600 சதுர மீட்டர் முகம். சராசரியாக 20 செ.மீ. கழன்று வந்தாலே 320 கன மீட்டர் பாறை. உடைந்தபின் அது ஒன்றரை மடங்காகப் பெருகி 480 ஆகும். ஆறு கன மீட்டர் டிப்பருக்கு 80 நடை. இதைப் பள்ளத்தாக்கில் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீழே ஓடை இருக்கும், தோட்டம் இருக்கும், லைன் வீடுகள் இருக்கும். அடுத்தது சாலையின் தார்முகம். கல் விழுமுன் முக்கால் முழம் மண்ணைப் பரப்பி வைக்காவிட்டால், அகலப்படுத்தப் போன இடத்தில் இருந்த சாலையையும் புதிதாகப் போட வேண்டிவரும்.

எங்கே இது சரி: தினமும் இரண்டு மூன்று மணி நேரமாவது சாலையை அடைக்க முடியும், பாறை பிளவுபட்டது, கயிற்றில் இறங்கப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். எங்கே வேண்டாம்: முழுவதும் மண்ணும் உருண்டைக் கல்லும் கலந்த சரிவு. தட்டத் தட்ட முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும்.

## வழி 2: வலை போர்த்துவது

உச்சியில் நங்கூரம் அடித்து, முறுக்குக் கம்பி வலையைப் புடவை போலத் தொங்கவிடுவது. கல் கழன்றாலும் துள்ளாது. வலைக்கும் பாறைக்கும் நடுவே உரசி இறங்கி அடிவாரப் பள்ளத்தில் விழும். வலை கல்லைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைப்பவர்கள் பலர். தொங்கும் வலையின் வேலை அது அல்ல. அது கல்லுக்கு வழி காட்டுகிறது. அதனால்தான் அதன் அடிமுனையைக் கட்டிவிடாமல், பள்ளத்துக்குச் சற்று மேலே திறந்து விடுகிறோம். கட்டிவிட்டால் கல் சேர்ந்து வயிறு தள்ளி, அந்த எடையே உச்சி நங்கூரத்தைப் பிடுங்கும்.

வழக்கமான அறுகோணக் கண் வலை ஏறக்குறைய 60 செ.மீ. கல் வரை தாங்கும். அதற்கு மேலே போனால் எஃகுக் கயிற்று வலை வேண்டும். அது வேறு விலை.

கட்டுமானக் காலத்தில் இதன் பெரிய பலம், மேலிருந்து கீழாக வெட்டும் முறையோடு நன்றாக ஒத்துப்போவது. முதல் ஐந்தாறு மீட்டரை வெட்டி, தட்டி, வலையை அதுவரை இறக்குகிறோம். சுருளின் மிச்சத்தை மேலேயே கட்டி வைக்கிறோம். அடுத்த படியை வெட்டியதும் இன்னும் கொஞ்சம் அவிழ்க்கிறோம். கீழே துளை போடுபவரின் தலைக்கு மேலே எப்போதும் போர்த்திய முகம் இருக்கும். அடிவாரத்து ஆளை வேலை நடக்கும்போதே முழுதாகக் காக்கிற ஏற்பாடு இந்த நான்கில் இது ஒன்றுதான். வலைக்கு நான் வாதாடும் காரணமும் அதுவே.

ஆனால் உச்சியில் யார் முதலில் ஏறுவது? தட்டாத சரிவில் வலை கட்டப் போகிறவருக்கு எந்த வலையும் இல்லை. வலை வாங்கிவிட்டதால் தட்டுவதைத் தவிர்க்கலாம் என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது.

ஒளிந்திருக்கும் செலவு: முதலாவது இடம். உச்சி விளிம்புக்கு இரண்டு மூன்று மீட்டர் பின்னால் நங்கூரம் அடிக்க வேண்டும். அந்த நிலம் சாலை எல்லைக்குள் வராது. காப்புக்காடாகவோ யாருடைய தோட்டமாகவோ இருக்கும். வனத்துறை அனுமதி வருவதற்குள் சீசன் முடிந்துபோன வேலைகள் உண்டு. இரண்டாவது காலம். நங்கூரத்துக்குச் சிமென்ட் பால் ஊற்றினால், அது இறுகும்வரை பொறுத்து, இழுத்துச் சோதித்த பிறகுதான் வலையைத் தொங்கவிடலாம். மூன்றாவது அளவு. நம் 1,600 சதுர மீட்டர் முகத்துக்கு உச்சியில் மூன்று மீட்டரும் மேல்படிவுக்குப் பத்து விழுக்காடும் சேர்த்தால் 2,000-ஐத் தாண்டும். முகப்பளவை மட்டும் வைத்து ஆர்டர் கொடுத்து, கடைசி ஒட்டுக்கு வலை போதாமல் திறந்துவிட்ட இடத்தை நான் பார்த்திருக்கிறேன். கல் அந்த இடைவெளியில்தான் வந்தது.

எங்கே இது சரி: சின்னக் கற்கள் ஓயாமல் உதிரும் முகம், போக்குவரத்தை அதிகம் நிறுத்த முடியாத சாலை, வலை பின்னர் நிரந்தரமாகவும் இருக்கப்போகும் வேலை. எங்கே வேண்டாம்: வெடி வைக்கும் முகம். தெறிக்கும் கல் வலையைக் கிழிக்கும், கிழிசல் கீழிருந்து கண்ணுக்குத் தெரியாது.

## வழி 3: அடிவாரத்தில் பள்ளமும் தடுப்பும்

சரிவின் காலடியில் ஒரு பள்ளம், அதற்குச் சாலைப் பக்கத்தில் ஒரு தற்காலிகச் சுவர். எச் வடிவ இரும்புத் தூண்களை நட்டு இடையில் மரக்கட்டையோ தகடோ செருகலாம். கம்பிக்கூண்டில் கல் நிரப்பி அடுக்கலாம். கூண்டுச் சுவரை நான் அதிகம் விரும்புகிறேன். கல் அந்த இடத்திலேயே கிடைக்கிறது, உள்ளூர் ஆட்களே கட்டுவார்கள், அடிபட்ட கூண்டை மட்டும் மாற்றினால் போதும்.

வண்டிகளைத் திருப்பும் கான்கிரீட் தடுப்புக் கட்டையைக் கல்லுக்கும் தடுப்பாக வைப்பது பரவலான பழக்கம். உருண்டு வரும் சின்னக் கல்லுக்குப் பரவாயில்லை. துள்ளி வரும் கல் அதற்கு மேலாகப் போய்விடும். மணல் நிரப்பிய தார் டிரம் அடிபட்டால் தானே சாலைக்குள் உருளும். அப்புறம் வண்டிக்காரருக்கு இரண்டு ஆபத்து.

இந்த வழியின் உயிர் பள்ளத்தில் இருக்கிறது, சுவரில் அல்ல. பள்ளத்தின் அடியில் தளர்ந்த மண்ணோ சரளையோ இருந்தால் கல்லின் வேகத்தை விழுங்கிவிடும். வெறும் பாறைத் தரையாக இருந்தால் திரும்ப எழும்பும். நிரம்பிய பள்ளம் இல்லாத பள்ளத்தைவிட மோசம்.

இதை அனுபவித்தே தெரிந்துகொண்டேன். நான் பொறுப்பில் இருந்த ஒரு மலைச்சாலை வேலையில், டிப்பர் மூன்று நாள் வரவில்லை. பள்ளத்தில் குவிந்த கல்லும் மண்ணும் சுவரை நோக்கிச் சாய்ந்து மேடாகிவிட்டன. ‘நாளைக்கு அள்ளிவிடலாம்’ என்று நானும் விட்டேன். நான்காம் நாள் சாயங்காலம், அம்மிக்கல் அளவுக் கல் ஒன்று மேலிருந்து வந்து அந்தக் குவியலின் மேல் பட்டு, இரண்டு மீட்டர் சுவரைத் தாண்டிச் சாலை நடுவில் விழுந்தது. முன்னால் போன ஜீப்புக்கும் பின்னால் வந்த ஜீப்புக்கும் நடுவே. இரண்டிலும் ஏலத்தோட்டத்து வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள். தாரில் விழுந்த குழியை மறுநாள் அளந்தேன், ஒரு சாண் ஆழம். அன்றிலிருந்து பள்ளம் பாதி நிரம்பினால் மேலே வேலை நிற்கும் என்பதை எழுத்தில் வைத்திருக்கிறேன்.

ஒளிந்திருக்கும் செலவு: சாலை அகலம். பள்ளமும் சுவரும் சேர்ந்து இரண்டு மூன்று மீட்டரைத் தின்னும். ஏற்கெனவே குறுகிய சாலையில் ஒரே வழித்தடம்தான் மிஞ்சும். இரு முனையிலும் இரவு பகல் கொடி பிடிக்க ஆள், விளக்கு, பேருந்து வந்தால் திரும்ப இடம், எல்லாம் செலவு. அள்ளும் செலவு தினசரி. அதோடு அள்ளப் போகும் ஜேசிபி ஓட்டுநர் சரிவின் நேர்கீழே நிற்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த வண்டியின் கேபின் மேல் இரும்புக் கூண்டு இல்லாமல் அனுப்பாதீர்கள்.

எங்கே இது சரி: உயரம் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள், அடிவாரத்தில் இடம் இருக்கிறது, வேலை சில வாரங்களே. எங்கே வேண்டாம்: உயரமான, நடுவே திட்டுகள் துருத்திய முகம். அந்தத் திட்டில் பட்ட கல் எந்தச் சுவரின் உயரத்தையும் மதிக்காது.

## வழி 4: சரிவின் நடுவே நெகிழ்வலைத் தடுப்பு

தூண்கள், எஃகுக் கயிறுகள், வளைய வலை, ஆற்றலை விழுங்கும் பிரேக் உறுப்புகள். வெட்டும் இடத்துக்கு மேலே இயற்கைச் சரிவு நீண்டு, அங்கிருந்து பெரிய கற்கள் வரக்கூடிய இடத்துக்கு இதைத் தவிர வேறு நல்ல வழி குறைவு. கல் பட்டதும் வலை பல மீட்டர் முன்னால் பிதுங்கும். அப்படிப் பிதுங்கித்தான் கல்லை நிறுத்துகிறது. ஆகவே சாலை ஓரத்தை ஒட்டி நட்டால், கல் வலைக்குள்ளேயே இருந்தபடி வண்டியை இடிக்கும்.

விலை அதிகம், தருவிக்கக் காலம் அதிகம், பெரிய அடி வாங்கினால் உறுப்புகளை மாற்ற வேண்டும். மூன்று மாத வேலைக்காக மட்டும் இதை வாங்குவது பொருந்தாது. நிரந்தர வடிவமைப்பில் இது இருந்தால், கடைசியில் நடாமல் முதலிலேயே நட்டுவிடுங்கள். அதே செலவுக்கு வேலைக் காலமும் காக்கப்படும்.

## ஒரே பார்வையில்

| | தட்டி இறக்குதல் | வலை போர்த்துதல் | பள்ளமும் தடுப்பும் | நடுச்சரிவு நெகிழ்வலை |
|---|---|---|---|---|
| சாலையில் போவோருக்கு | சாலையை அடைத்தால் மட்டும் | ஆம் | ஆம், பள்ளம் காலியாக இருந்தால் | ஆம் |
| அடிவாரத்து வேலையாளுக்கு | முடிந்த பிறகு | ஆம் | இல்லை, அவர் சுவருக்கு உள்பக்கம் | மேலிருந்து வருவதற்கு மட்டும் |
| கயிற்றில் இருப்பவருக்கு | ஒழுங்கே பாதுகாப்பு | இல்லை | இல்லை | தடுப்புக்குக் கீழே வேலை என்றால் ஓரளவு |
| கல்லின் அளவு | பெரியதும் முடியும் | ஏறக்குறைய 60 செ.மீ. வரை | சின்னது, நடுத்தரம் | வகையைப் பொறுத்துப் பல டன் வரை |
| பலன் தொடங்குவது | அன்றே | சில வாரங்கள் | சில நாட்கள் | மாதங்கள் |
| மறைந்த செலவு | கழிவு, தார்முகம் | உச்சி நிலம், அனுமதி | சாலை அகலம், தினசரி அள்ளல் | மாற்று உறுப்புகள், பிதுங்கும் இடம் |

## என்னிடம் கேட்டால்

பணம் ஒன்றுக்குத்தான் என்றால் தட்டி இறக்குவதற்கும், மேலிருந்து கீழாகப் படி படியாக வெட்டுவதற்கும் போடுங்கள். கொஞ்சம் மிஞ்சினால் கூண்டுச் சுவர். இன்னும் மிஞ்சினால் வலை. மற்றவர்கள் வேறு வரிசை சொல்லலாம். என் வரிசைக்குக் காரணம், தட்டுவது ஒன்றுதான் கல்லையே இல்லாமல் செய்கிறது. மற்ற மூன்றும் கல் வரும் என்று ஏற்றுக்கொண்டு காத்திருப்பவை.

மும்பை–புனே விரைவுச்சாலையில் 2015 ஜூலையில் ஆதோஷி சுரங்கத்துக்கு அருகே பாறை விழுந்து உயிரிழப்பு ஏற்பட்டபின், போக்குவரத்தை மறித்துத் தளர்ந்த பாறைகளை அகற்றும் வேலையும் வலை போடும் வேலையும் நடந்தன. அத்தனை நெரிசலான சாலையிலேயே அடைத்துத் தட்ட முடிகிறதென்றால், நம் மலைச்சாலைகளில் முடியாது என்று சொல்வதற்கில்லை.

வரிசை மாறும் இடங்கள் இரண்டு. மாற்றுப்பாதை இல்லாத, ஆம்புலன்ஸ் எப்போதும் போக வேண்டிய ஒற்றைச் சாலை என்றால் வலையை முன்னே கொண்டு வாருங்கள். வெட்டும் உயரம் ஆளுயரத்தைப்போல் நான்கைந்து மடங்குக்குள் என்றால் கூண்டுச் சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த நான்காலும் எதுவுமே செய்ய முடியாத நிலையும் உண்டு. கீழிருந்து குடைவது. மேலே ஏறப் பாதை போடச் சோம்பி, பொக்லைன் எட்டும் காலடியை மட்டும் அள்ளுகிறார்கள். மேலே துருத்திக்கொண்டு நிற்கும் மலை, மழை வந்ததும் மொத்தமாக உட்காருகிறது. அப்போது வருவது கல் அல்ல, முகம். உச்சிக்குப் பின்னால் தரையில் விரிசல் தெரிந்தால் அதன் இரு பக்கமும் ஆணி அடித்து, காலையும் மாலையும் இடைவெளியை டேப்பால் அளந்து எழுதுங்கள். நாளுக்கு நாள் கூடினால் ஆட்களையும் வண்டிகளையும் விலக்கிவிட்டு, நிலவியல் தெரிந்தவரை அழையுங்கள்.

## சாலையை எப்போது அடைப்பது

எந்த வழியை எடுத்தாலும் இது கூடவே வரும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர் ஜீப்புகள் விடியற்காலையில் ஏறி, பிற்பகல் கடைசியில் இறங்கும். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது அந்தப் பக்கத்தவருக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள் தட்டும் வேலையை வைத்துக்கொண்டால், அவர்களுக்கும் தாமதமில்லை, நமக்கும் வெளிச்சம் நன்றாக இருக்கும். நேரத்தை முந்தைய வாரமே ஜீப் ஸ்டாண்டில் எழுதி ஒட்டினால் சண்டை பாதியாகக் குறையும்.

விசில் ஊதுபவரை மட்டும் நம்பி வண்டிகளை விடாதீர்கள். 20 மீட்டரிலிருந்து கல் தரைக்கு வர இரண்டு நொடி. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் ஜீப் 80 மீட்டரைக் கடக்க 14 நொடி. வண்டி உள்ளே நுழைந்துவிட்டால் விசில் பயன்படாது. மேலே கயிற்றில் இருக்கும் அத்தனை பேரும் கையை எடுத்துவிட்டார்கள் என்று வாக்கி டாக்கியில் வாய்மொழியாக உறுதி வந்த பிறகே கொடி இறங்க வேண்டும்.

மாதமும் முக்கியம். மூணாறு பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் வந்துவிடும். தேனிப் பக்கச் சரிவுகளுக்கு அக்டோபர், நவம்பர். இரண்டுக்கும் இடம் கொடுத்தால் ஜனவரி முதல் மே வரைதான் நல்ல காலம். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்துக்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அந்த மனுவை நவம்பரிலேயே கொடுத்துவிட்டால், ஜனவரியில் இயந்திரம் இறங்கும்.

வேலை முடிந்த வாரமே கூண்டுச் சுவரைக் கழற்றி அடுத்த சைட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். புதிதாக வெட்டிய முகம் தன் முதல் மழையை இன்னும் பார்த்திருக்காது. அந்த ஒரு பருவம் முடியும்வரை சுவர் அங்கேயே இருக்கும், மழைக்கு மறுநாள் பள்ளத்தை அள்ள ஆள் வரும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.